கம்பளம் பறக்க வேண்டுமானால் முதலில் தறியில் ஏற்றுங்கள்

மாயக் கம்பளம் வரும் கதைகள் பெரும்பாலும் மூன்றாம் அத்தியாயத்திலேயே படுத்துவிடும். எங்கே வேண்டுமானாலும், எவ்வளவு வேகத்திலும், எத்தனை பேரையும் தூக்கிப்போகிற ஒன்று நாயகன் கையில் இருந்தால் அவனுக்கு என்ன சிக்கல் வரும்? கோட்டையில் அடைத்தால் பறந்துவிடுவான். பாலைவனத்தில் விட்டாலும் பறந்துவிடுவான். எழுதுகிறவர் வேறு வழியில்லாமல் கம்பளத்தைத் திருடன் கையில் கொடுப்பார். இல்லாவிட்டால் "அதன் சக்தி தீர்ந்துபோயிற்று" என்று ஒரு வரியில் கதையை முடிப்பார். வாசகர் அந்த இடத்தில்தான் கொட்டாவி விடுவார்.

இதற்கு மருந்து கம்பளத்துக்குள்ளேயே இருக்கிறது. மந்திரத்துக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: தூக்குவது. மற்றதெல்லாம் கம்பளியும் பருத்தியும் முடிச்சும் குஞ்சமும் ஈரமும் பூச்சியுமாகவே இருக்கட்டும். நெய்த பொருளுக்கு எடை உண்டு, ஆயுள் உண்டு, மேலும் கீழும் உண்டு. அவற்றை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால் தடைகளைத் தேடி அலைய வேண்டாம். அவை தாமே வந்து நிற்கும். கதை எழுதுகிறவர்களுக்கும், நண்பர்களைச் சுற்றி உட்காரவைத்து மாய உலக விளையாட்டு நடத்துகிறவர்களுக்கும் கீழே உள்ள கணக்கு பயன்படும்.

மந்திரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

பழைய கதைகளில் குறைந்தது மூன்று வகை உண்டு. மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் கதைக்குள் அவை செய்கிற வேலை வேறு வேறு.

முதலாவது, நினைத்தவுடன் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஆயிரத்தொரு இரவுகள் தொகுப்பில் இளவரசன் அகமது கதையில் வரும் கம்பளம் இந்த வகை. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் சொல்ல, அந்துவான் கலான் பிரெஞ்சில் எழுதிய கதை அது. ஒரே இளவரசியை விரும்பும் மூன்று சகோதரர்களில் மிக அரிய பொருளைக் கொண்டுவருபவனுக்கே அவள் என்று போட்டி. மூத்தவன் ஹுசைன் அந்தக் கம்பளத்தை வாங்குவது பிஸ்நாகரின் சந்தையில். பிஸ்நாகர் என்றால் விஜயநகரம், இன்றைய ஹம்பி. சுமார் ஆறடிச் சதுரம், பார்வைக்குச் சாதாரணமானது, விலை மட்டும் நாற்பது பணப்பை. உட்கார்ந்து ஓர் இடத்தை நினைத்தால் போதும், அங்கே இருப்போம். வழி, வானிலை, களைப்பு எதுவும் கிடையாது. சரியாகச் சொன்னால் அது பறப்பதே இல்லை. இந்த வகையை எடுத்தால் பயணக் காட்சிகளை நீங்கள் இழப்பீர்கள். அந்தக் கதை இதை ஈடுகட்டும் விதத்தைப் பாருங்கள். ஷிராஸில் வாங்கிய தந்தக் குழாய் இல்லாமல் இளவரசி சாகக் கிடப்பது தெரியாது. சமர்கந்தில் வாங்கிய ஆப்பிள் இல்லாமல் அவளைக் காப்பாற்ற முடியாது. கம்பளம் இல்லாமல் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவள் செத்திருப்பாள். ஆகவே போட்டியில் யாருக்கும் வெற்றி இல்லை. உங்கள் கம்பளம் எல்லாம்வல்லதாக இருந்தே தீர வேண்டுமென்றால் அதை இப்படி மூன்றில் ஒரு பங்காக ஆக்கிவிடுங்கள்.

இரண்டாவது, காற்று சுமந்து போவது. சாலமன் அரசனைப் பற்றிய யூத மரபுக் கதையில் பச்சைப் பட்டில் பொன் இழை ஓடிய கம்பளம் வருகிறது. அறுபது மைல் நீளம், அறுபது மைல் அகலம். காலை உணவு டமாஸ்கஸில், இரவு உணவு மீடியாவில். மீடியாவின் தலைநகரம் இன்றைய ஈரானின் ஹமதான். இரண்டுக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1,130 கி.மீ. பத்து மணி நேரப் பயணம் என்று வைத்தால் மணிக்கு 113 கி.மீ. ஆகிறது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காற்றோடு சேர்ந்து போகிற கம்பளத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் காற்றே தெரியாது, பலூனில் போகிறவருக்குத் தெரியாததுபோல. விளக்குச் சுடர்கூட அசையாது. ஆனால் கீழே இருக்கும் ஊருக்கு அது தீவிரப் புயல். அரசன் நிம்மதியாக உணவருந்திக்கொண்டு போகிற பாதையெங்கும் கூரைகள் பிய்ந்து பறக்கும். இதை வைத்தே ஒரு நாவல் எழுதலாம். அதே மரபில் அரசனுக்குத் தலைக்கனம் ஏறியபோது காற்று கம்பளத்தை உலுக்க, 40,000 பேர் விழுந்து மாண்டார்கள் என்கிறார்கள். வாகனத்துக்கும் அதை ஓட்டும் சக்திக்கும் தனித்தனி மனம் இருந்தால் இப்படியெல்லாம் நடக்கும்.

மூன்றாவது, ஓட்டுகிறவர் கையில் கட்டுப்பாடு இருப்பது. இதற்குக் கம்பளத்தில் தேடுவதைவிட நம் சீவக சிந்தாமணியின் மயிற்பொறியைப் பார்ப்பது நல்லது. பொறியை வலப்பக்கம் திருகினால் எழும்பும். இடப்பக்கம் திருகினால் தரையிறங்கிக் காலை மடக்கி உட்காரும். அதில் ஏறித் தப்பிக்கும் அரசி விசயை, சீவகனின் தாய், மயங்கியதும் பொறி சுடுகாட்டில் இறங்கிவிடுகிறது. ஓட்டுபவர் கை தளர்ந்தால் தானே இறங்கும் ஏற்பாடு! அது எங்கே இறங்கும் என்பது மட்டும் யார் கையிலும் இல்லை, சீவகன் பிறப்பது அந்தச் சுடுகாட்டில்தான். கட்டுப்பாட்டு முறையை இரண்டு வரியில் சொல்லி, அதன் குறையை வைத்தே கதையை நகர்த்துவது எப்படி என்று இதைவிடச் சுருக்கமாகக் காட்டமுடியாது.

கீழே வரும் கணக்குகள் மூன்றாவது வகைக்கானவை. உழைப்பு அதிகம்தான், ஆனால் காட்சிகள் அதில்தான் கிடைக்கும்.

அளவும் எடையும்

சம்மணமிட்டு உட்காரும் ஒருவருக்கு ஒரு சதுர மீட்டர் தேவை. ஆறடிக்கு ஆறடி என்றால் சுமார் மூன்றரைச் சதுர மீட்டர், மூன்று பேருக்குச் சரியாக இருக்கும். கதைக்காரர்கள் கண்ணால் அளந்தே சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு வியப்பு: நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய முடிச்சுக் கம்பளமான பாசிரிக் கம்பளமும் ஏறக்குறைய இதே அளவுதான், 183 செ.மீ. × 200 செ.மீ. அல்தாய் மலையின் உறைந்த கல்லறையிலிருந்து 1949இல் எடுக்கப்பட்டது. வயது 2,300 ஆண்டுக்கு மேல். இப்போது ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கையால் முடிச்சிட்ட கம்பளிக் கம்பளம் சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து கிலோ வரை இருக்கும். நான்கு என்று வைத்துக்கொண்டால் நம் கம்பளம் 14 கிலோ. முடிச்சில்லாமல் தட்டையாக நெய்த கிலிம் இதில் பாதிதான். 14 கிலோவைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் நடக்கலாம், ஓட முடியாது. சுருட்டினால் ஆறடி நீள உருளை. சந்தில் திரும்பும்போது சுவரில் இடிக்கும், சத்திரத்துக் கதவில் மாட்டும். "கம்பளத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டான்" என்று எழுதியவர் வீட்டில் ஒரு ஜமக்காளத்தைக்கூடச் சுருட்டிப் பார்த்ததில்லை.

நெய்ய எத்தனை நாள்? இதுதான் விலையைத் தீர்மானிக்கும், விலைதான் உங்கள் உலகத்தைத் தீர்மானிக்கும். பாசிரிக் கம்பளத்தில் பத்து செ.மீ. சதுரத்துக்கு 3,600 முடிச்சு, மொத்தம் சுமார் 13 லட்சம். தேர்ந்த கை ஒரு நாளில் எட்டாயிரம் முடிச்சு போடும் என்று வைத்தால் 165 நாள். இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்தால் மூன்று மாதத்துக்குள் முடியும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபீல் கம்பளம் (1539-40) பத்து செ.மீ. சதுரத்துக்கு 5,300 முடிச்சு. அந்த நெருக்கத்தில் நம் அளவுக்கு நெய்தால் 19 லட்சம் முடிச்சு, 240 நாள். முரட்டு நெசவில் 1,600 முடிச்சு போதுமென்றால் 72 நாள்.

இப்போது ஒரு விதி வையுங்கள்: தூக்கும் சக்தி முடிச்சில் இருக்கிறது. ஒரு லட்சம் முடிச்சு பத்து கிலோவைத் தூக்கும் என்று வைத்தால் முரட்டுக் கம்பளம் 57 கிலோ தூக்கும். கம்பளத்தின் சொந்த எடை போக 43 கிலோ. அதாவது ஒரு சிறுவன், அல்லது ஒரு தபால் மூட்டை. பாசிரி வகை 130 கிலோ தூக்கும், எடை போக 116. இரண்டு ஒல்லியான ஆட்கள். அர்தபீல் நெருக்கம் 190 தூக்கும், எடை போக 176. மூன்று பேர், மூட்டை இல்லாமல். "மூவரில் ஒருவர் இறங்கியாக வேண்டும்" என்ற காட்சி இந்தக் கழித்தலில் தானாகவே வந்துவிடுகிறது. உங்கள் எண் வேறாக இருக்கட்டும், ஆனால் எண் ஒன்று இருக்கட்டும். அதை வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை, நீங்கள் மீறாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று. சந்தையில் கம்பளம் வாங்கத் தெரிந்தவர் முன்பக்கத்துப் பூவேலையைப் பார்க்கமாட்டார். ஒரு மூலையைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்ப்பார், அங்கேதான் முடிச்சு தெரியும். துருக்கி முடிச்சு இரண்டு பாவு நூலையும் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) சமமாகச் சுற்றும். பாரசீக முடிச்சு ஒன்றை முழுக்கச் சுற்றி மற்றதன் பின்னால் நுழைந்து வெளியே வரும், அதனால் வளைவுகளை நுணுக்கமாகக் காட்டும். போலி விற்கிற காட்சி எழுதும்போது உங்கள் பாத்திரம் விரல் நகத்தால் பின்பக்கத்தைக் கீறிப் பார்க்கட்டும்.

உட்காருவது எப்படி

துணிக்கு விறைப்பு கிடையாது. நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் தொட்டில்போலக் குழிந்து, விளிம்புகள் அவர் முகத்தில் வந்து மோதவேண்டும். ஆகவே தூக்குகிற மந்திரம் கம்பளம் முழுக்கச் சமமாகப் பரவாமல், எங்கே எடை அழுத்துகிறதோ அங்கே அதிகம் தள்ளுவதாக வைக்கவேண்டும். அப்போது மேற்பரப்பு கிட்டத்தட்ட மட்டமாக நிற்கும், கயிற்றுக் கட்டில் அளவுக்கு மெல்லக் குழியும். எழுந்து நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் கால் அமுங்கி மீளும். புதிதாக ஏறுகிறவருக்கு அதிலேயே பாதி தைரியம் போய்விடும்.

எடையை நடுவில் வையுங்கள். ஓட்டுபவர் நடுவுக்குச் சற்று முன்னால், மூட்டை நடுவுக்குச் சற்றுப் பின்னால். மூட்டையைக் கடைசி விளிம்பில் வைத்தால் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் காற்றைத் தடுக்கும், வேகம் போகும். முன்விளிம்பில் வைத்தால் இன்னும் மோசம், கம்பளம் மூக்குக் குத்தும்.

கம்பள மயிருக்கு ஒரு சாய்வு உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழு, எதிர்ப்பக்கம் சொரசொர. எந்தப் பக்கம் முன்னால் என்பதை இது முடிவு செய்கிறது. மயிர் முன்னோக்கிச் சாய்ந்திருந்தால், எதிர்காற்று உங்களைப் பின்னுக்குத் தள்ளும்போது அது பிடித்து நிறுத்தும். ஆனால் திடீரென்று நிறுத்தினால் முன்னால் வழுக்கிக்கொண்டு போவீர்கள். திருப்பிப் போட்டால் இரண்டும் தலைகீழ். நெடும்பயணத்துக்கு முன்சாய்வே நல்லது. பார்வைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சாய்ந்த திசையிலேயே பார்த்தால் நிறம் வெளிறும், எதிர்த்துப் பார்த்தால் கறுக்கும். உயரமான கோபுரத்தில் நிற்கும் காவலன் கீழே தாழப் பறக்கும் கம்பளத்தின் நிறத்தை வைத்தே அது வருகிறதா போகிறதா என்று சொல்லிவிடலாம். சின்ன விஷயம், ஆனால் இப்படி ஒன்றைச் சொன்னால் வாசகர் உங்களை நம்பிவிடுவார்.

காற்று

எதிர்காற்றின் தள்ளு வேகத்தின் வர்க்கமாக ஏறும். உட்கார்ந்திருக்கும் ஒருவர்மீது மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் மூன்றரைக் கிலோ அளவுக்குத் தள்ளும். 72இல் பதிமூன்றரை. 108இல் முப்பது கிலோ. அறுபது கிலோ ஆள் கம்பளியில் உட்கார்ந்திருந்தால் உராய்வு தாங்குவது கிட்டத்தட்ட அதே முப்பது கிலோதான். எனவே நூறைத் தாண்டினால் ஆள் பின்னால் வழுக்கத் தொடங்குவார். பட்டுக் கம்பளத்தில் பட்டாடையோடு உட்கார்ந்தால் எண்பதிலேயே கிளம்பிவிடுவார். இளவரசர்களுக்குப் பட்டுக் கம்பளம் கொடுக்கிற எழுத்தாளர்கள் இடுப்புக் கயிறும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

பேசிக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு போகக்கூடிய வேகம் 40 முதல் 60. அதற்குமேல் கண்ணில் நீர் வழியும், பேச்சு காதில் விழாது. காதலர்கள் நிலவொளியில் மெல்லிய குரலில் உரையாடிக்கொண்டு மணிக்கு 200 கி.மீ. போகிற காட்சி வேண்டுமென்றால் கம்பளத்தைச் சுற்றி ஒரு காற்றுக் கூடு வைக்கவேண்டும். அது இரண்டாவது மந்திரம். வைக்கலாம்தான், ஆனால் அதற்கும் ஒரு விலை வையுங்கள்.

ரஷ்ய ஓவியர் விக்டர் வஸ்னித்சோவ் 1880இல் தீட்டிய பறக்கும் கம்பளத்தில் இவான் கம்பீரமாக நின்றுகொண்டு போகிறான், பக்கத்தில் தீப்பறவை கூண்டில். படம் அற்புதம். ஆனால் ஐம்பது கி.மீ. வேகத்தில் அப்படி நின்றால் ஒரு சின்ன வீச்சுக்கே மல்லாந்துவிடுவான். நிற்கிற காட்சியை ஊருக்குள் மெதுவாக வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்யர்கள் இதை 'கவ்யோர் சமல்யோத்' என்பார்கள், தானே பறக்கும் கம்பளம் என்று பொருள். பின்னாளில் விமானம் வந்தபோது அந்த சமல்யோத்தையே அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

உயரம்

ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரைப் பாகை குளிரும். தரையில் 32 பாகை வெயில் என்றால் மூன்று கி.மீ. உயரத்தில் பன்னிரண்டு பதின்மூன்றுதான். பத்துப் பாகைக் குளிரில் மணிக்கு 60 கி.மீ. காற்று அடித்தால் உடலுக்கு ஐந்து பாகைபோல இருக்கும். 2,500 மீட்டருக்குமேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல் தொடங்கும். ஐந்தரை கி.மீ. உயரத்தில் காற்றழுத்தம் பாதி. அதனால் மலைத்தொடரைத் தாண்டுவது சும்மா ஒரு வரியில் நடக்கிற காரியம் அல்ல. கணவாய் வழியாகத்தான் போகவேண்டும். கணவாயில்தான் எதிரி காத்திருப்பான்.

வழக்கமான பயணத்துக்கு 150 முதல் 300 மீட்டர் போதும். 150க்குமேல் கைவில் அம்பு எட்டாது. நூறு மீட்டரில் தொடுவானம் 36 கி.மீ. தள்ளித் தெரியும், 400 மீட்டரில் 71 கி.மீ. திசை அறிய நதியையும் சாலையையும் பின்பற்றுவார்கள். மேகத்துக்குள் நுழைந்தால் இவை எல்லாம் போய்விடும், எது மேல் எது கீழ் என்பதே கொஞ்ச நேரத்தில் குழம்பும். ஓட்டுபவர் ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் உதவுமா? திருப்பத்தில் கம்பளத்தோடு சேர்ந்து அந்தக் கல்லும் சாய்ந்து ஏமாற்றும். கோப்பைத் தண்ணீருக்கும் அதே கதி. மேகத்துக்குள் போகாமல் இருப்பதுதான் வழி.

கிளம்புவது, திரும்புவது, இறங்குவது

கம்பளம் முன்னேறுவது எப்படி என்பதற்கு இயற்பியல் ஒரு நல்ல படத்தைத் தருகிறது. ஹார்வர்டின் எல். மகாதேவனும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் போட்ட கணக்குப்படி, பத்து செ.மீ. நீளமும் 0.1 மி.மீ. தடிமனும் உள்ள தாள் நொடிக்குப் பத்து முறை, கால் மி.மீ. அளவுக்கு அலையடித்தால் தரையை ஒட்டிய காற்றில் மிதக்கும். 2011இல் பிரின்ஸ்டனில் நோவா ஜாஃபரிஸ் அதே அளவு பிளாஸ்டிக் தாளில் மின்சாரத்தால் அலையை உண்டாக்கி நொடிக்கு ஒரு செ.மீ. நகர வைத்தார். ஆள் ஏறுகிற அளவுக்கு அது வராது. ஆனால் காட்சிக்கு வேண்டிய தகவல் அதில் இருக்கிறது: முன்விளிம்பில் தொடங்கும் அலை பின்விளிம்புக்கு ஓடும், காற்று பின்னால் தள்ளப்படும், கம்பளம் முன்னால் போகும். அலை சிறிதானால் பயணம் சுகம், வேகம் குறைவு. அலை பெரிதானால் வேகம் கூடும், குலுக்கலும் கூடும். மாட்டுவண்டிக்கும் குதிரைக்கும் உள்ள வித்தியாசம் ஒரே கம்பளத்தில் கிடைத்துவிடுகிறது.

கிளம்பும் வரிசையை ஒருமுறை முழுக்க எழுதுங்கள், பிறகு ஒரு சொல்லில் தாண்டிப் போகலாம். எங்கள் பரிந்துரை இது:

1. விரித்துத் தலைகீழாக உதறு. கல், முள், தேள் விழட்டும்.
2. மயிரைத் தடவிப் பார்த்து முன்பக்கத்தை முடிவு செய்.
3. இரண்டு முனைகளிலும் குஞ்சத்தைப் பார். பிரிந்த இழை இருந்தால் முடிந்துவிட்டுத்தான் ஏறவேண்டும்.
4. மூட்டையை வைத்து, கம்பளத்தின் நடுவில் நெய்த பதக்க வடிவத்துக்குக் குறுக்கே கயிறு கட்டு. கம்பளத்தில் ஓட்டை போட்டுக் கட்டாதே, அடியில் சுற்றிக் கட்டு.
5. ஏறி உட்கார். முழங்காலளவு எழுப்பி இருபது எண்ணும் வரை நிறுத்து. எந்த மூலை தாழ்கிறது என்று பார்த்து மூட்டையை நகர்த்து.
6. நொடிக்கு மூன்று மீட்டர் ஏறு. 300 மீட்டருக்கு ஒன்றே முக்கால் நிமிடம் பிடிக்கும். காது அடைத்தால் எச்சில் விழுங்கு.

ஐந்தாவதைத் தவிர்த்தவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். அவசரத்தில் தப்பிக்கிற காட்சியில் உங்கள் பாத்திரம் தவிர்க்கப்போவதும் அதைத்தான்.

திரும்பும்போது கம்பளம் சாயவேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஐம்பது மீட்டர் ஆரத்தில் மட்டமாகத் திரும்பினால் ஆள் வெளியே வழுக்கிவிடுவார். முப்பது பாகை உட்பக்கம் சாய்ந்தால் கோப்பையில் இருக்கும் தேநீர்கூடத் தளும்பாது. சாயத் தெரியாத கம்பளம் என்றால் இருநூறு மீட்டர் ஆரத்தில் வட்டமடித்துத்தான் திரும்பவேண்டும். சந்துகளுக்குள் துரத்தும் காட்சியை எழுதும் முன் உங்கள் கம்பளம் எந்த வகை என்று தீர்மானித்துவிடுங்கள்.

நிறுத்த, அதே வேகத்திலிருந்து வழுக்காமல் நிற்க ஐம்பது மீட்டர் வேண்டும். முப்பதுக்குள் நிறுத்த முயன்றால் கம்பளம் நிற்கும், ஆள் போய்க்கொண்டே இருப்பார். மொட்டைமாடியில் இறங்க ஊருக்கு வெளியிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, சுவருக்குமேல் ஆள் நடக்கும் வேகத்தில் வரவேண்டும்.

எல்லோருக்கும் பிடித்த காட்சி ஒன்று உண்டு: விழுகிறவரைக் கம்பளம் பாய்ந்து பிடிப்பது. நூறு மீட்டரிலிருந்து விழுந்தால் தரைக்கு நாலரை நொடி. இரண்டு நொடியில் இருபது மீட்டர் விழுந்து மணிக்கு 70 கி.மீ. வேகம் வந்திருக்கும். அந்த வேகத்தில் அசையாமல் நிற்கிற கம்பளத்தில் விழுவதும் தரையில் விழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். கம்பளம் அவரோடு சேர்ந்து விழுந்து, அடியில் நுழைந்து, பிறகு ஏழெட்டு மீட்டரில் மெல்ல வேகத்தை வாங்கவேண்டும். இதை இரண்டு வாக்கியத்தில் எழுதிவிடலாம், காட்சி இன்னும் நன்றாக வரும்.

எப்படியெல்லாம் கெட்டுப்போகும்

ஈரம்தான் முதல் எதிரி. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் கைக்குத் தெரியாமலே உறிஞ்சிக்கொள்ளும். பனிமூட்டத்தில் ஒரு மணி நேரம் போனால் நாலு கிலோ கூடியிருக்கும், தொட்டால் உலர்ந்ததுபோல இருக்கும். நன்றாக நனைந்தால் எடை இரட்டிக்கும். 14 கிலோ 28 ஆனால் ஒரு மூட்டை கீழே போகவேண்டும். காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பருத்திப் பாவு உளுத்துப்போகும், மறுமுறை விரிக்கும்போது 'படக்' என்று சத்தம் கேட்கும். சாயம் சரியாக ஏறாத சிவப்பு கசியும். நனைந்த கம்பளம் மாடியில் இறங்குவதை இப்படி எழுதிப் பாருங்கள்:

"முன்விளிம்பு கனத்துத் தொங்கியது. சுவரைத் தாண்டும்போது குஞ்சம் கல்லில் உரசி ஓர் இழை பிரிந்தது. சாய்ரா மூட்டையைத் தள்ளிவிட்டாள். மாதுளைகள் சந்தில் உருண்டன. கம்பளம் ஒரு சாண் எழும்பி மாடியில் சறுக்கி நின்றது. அவள் அதை இழுத்துக்கொண்டு ஓடிய வழியெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பில் சிவப்புச் சொட்டுகள்."

துரத்துகிறவர்களுக்கு வேறு தடயம் வேண்டாம்.

இரண்டாவது பூச்சி. அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும், பருத்தியைத் தொடாது. ஆகவே மயிர் போய்ப் பாவும், அதற்குக் குறுக்கே ஓடும் ஊடையும் மட்டும் வலைபோல நிற்கும். இருட்டான, அசையாத இடம்தான் அதற்குப் பிடிக்கும். அரண்மனைக் கருவூலத்தில் ஐம்பது ஆண்டு பூட்டி வைத்த மாயக் கம்பளம் பறக்காமல் போவதற்குச் சாபம் எதுவும் தேவையில்லை. தினம் பறந்த கிழிசல் தபால் கம்பளம் அதைவிட நல்ல நிலையில் இருக்கும்.

குஞ்சம் அலங்காரத்துக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது பாவு நூலின் நுனி. அறுத்தால் கடைசி வரிசை ஊடை நழுவும், அதன்பின் முடிச்சுகள் வரிசை வரிசையாகக் கழலும். எதிரி கத்தியோடு வந்தால் நடுவில் குத்தமாட்டான், குஞ்சத்தை அறுப்பான். அன்று ஒன்றும் ஆகாது. ஒரு மாதம் கழித்து ஆற்றின் நடுவே பத்து கிலோ தூக்கும் சக்தி குறைந்திருக்கும்.

மடித்து வைப்பதும் தவறு. மடிப்பில் பாவு முறியும். சுருட்டித்தான் வைக்கவேண்டும்.

ஊர் எப்படி மாறும்

ஒட்டகம் 150 முதல் 200 கிலோ சுமந்து நாளுக்கு 30 முதல் 40 கி.மீ. நடக்கும். நல்ல கம்பளம் நூறு கிலோவோடு ஐந்து மணி நேரத்தில் 300 கி.மீ. போகும். சுமை பாதி, வேகம் எட்டு மடங்கு, விலை எட்டு மாத நெசவு. இதில் அரிசி ஏற்றினால் கட்டுபடியாகாது. குங்குமப்பூ, கஸ்தூரி, முத்து, மருந்து, அதற்கெல்லாம் மேலாகக் கடிதம். சமர்கந்தில் பட்டின் விலை ஏறியது ஷிராஸ் வணிகனுக்கு வாரக்கணக்கில் முன்னதாகத் தெரிந்தால் அவன் ஒரு மூட்டைகூடச் சுமக்காமலே பணக்காரனாவான். ஒட்டக வணிகம் சாகாது, செய்தியை நம்பியிருந்த தரகர்கள்தான் சாவார்கள்.

மதில் பயனற்றுப்போனதும் சுங்கச்சாவடி மொட்டைமாடிக்கு ஏறும். மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் வரும். அந்தப்புரத்துக்கு மேலே பறக்கத் தடை வரும், அதை மீறுகிறவர்களுக்கென்றே கழுகு வளர்ப்பார்கள். சலவைக் கொடிகளை உயரக் கட்டுவதே ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகும். முடிச்சு போடத் தெரிந்த பெண்களை அரசு கணக்கெடுக்கும், ஊரைவிட்டுப் போக விடாது. எங்களைக் கேட்டால் கதை அந்தத் தறிக்கூடத்தில்தான் இருக்கிறது, கம்பளத்தில் ஏறிப் போகிற இளவரசனிடம் இல்லை.

எழுதி முடித்தபின் கையெழுத்துப் படியை ஒருமுறை கம்பளத்தை மட்டும் பின்தொடர்ந்து படியுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் அது எங்கே இருக்கிறது, ஈரமா உலர்ந்ததா, எத்தனை இழை பிரிந்திருக்கிறது, யார் சுமக்கிறார்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். குறிக்க முடியாத இடத்தில் ஒரு வரி சேருங்கள். பெரும்பாலும் அது கம்பளத்தை எங்கே காயப்போட்டிருக்கிறார்கள் என்கிற வரியாகத்தான் இருக்கும்.